கொத்திய கைப்பிடி

ஏப்ரல் 3, வியாழன்

பல வருடங்களுக்கு முன்னால் ஒன்பதாம் வகுப்பில் மருதாசலம் என்ற பையன் எழுந்து நின்று என்னிடம் கேட்டான்: "சார், உராய்வு நல்லதுங்களா, கெட்டதுங்களா?" வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. நல்ல கேள்வி அது. சைக்கிளை வைத்துச் சொன்னேன். செயினுக்கு எண்ணெய் விடுகிறோம், அங்கே உராய்வு வேண்டாம். அதே எண்ணெய் பிரேக் கட்டையில் பட்டால் என்ன ஆகும்? எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்று தெரிவதுதான் படிப்பு. பையன் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தான்.

அந்த மருதாசலத்துக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. கோயமுத்தூர் கணபதியில் சொந்தப் பட்டறை வைத்திருக்கிறான். இன்று மாலை துணியில் சுற்றிய ஒரு பொருளோடு வீட்டுக்கு வந்தான். நான் கையை நீட்டினேன். "அக்கா இல்லீங்களா சார்?" என்றான்.

அக்கா என்றால் என் மனைவி லோகநாயகி. ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டாமே என்று இரண்டு வருடம் முன்பு நான்தான் அவளைத் துப்பாக்கி சுடும் கிளப்புக்குக் கூட்டிப்போனேன். ஏர் பிஸ்டலை எப்படிப் பிடிப்பது, எப்படி நிற்பது, எப்போது மூச்சை நிறுத்துவது, எல்லாம் நான் சொல்லிக்கொடுத்ததுதான்.

துணியைப் பிரித்தால் பிஸ்டலில் மாட்ட அலுமினியத்தில் ஒரு கைப்பிடி. போன மாதம் களிமண்ணில் அவள் கையை அழுத்தச் சொல்லி அச்சு எடுத்துப் போயிருக்கிறான். அதைப் பார்த்து இயந்திரத்தில் கடைந்து, கண்ணாடி போலப் பாலிஷ் போட்டுக் கொண்டுவந்திருக்கிறான். அச்சு எடுத்த விஷயம் எனக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

"புடிச்சுப் பாருங்க்கா."

"அடேயப்பா, மூஞ்சியே தெரியுது தம்பி! இதுல பாத்துப் பொட்டு வெச்சுக்கலாமாட்ட இருக்குது."

"உங்க கைக்குன்னே கடைஞ்சதுங். வேற யாருக்கும் சேராது."

நானும் பிடித்துப் பார்த்தேன். சேரவில்லை. என் கை கொஞ்சம் பெரியது.

மருதாசலத்துக்கு இயற்பியல் கற்றுக்கொடுத்தவன் நான். "உங்களுக்கு ஒண்ணு வேணுங்களா சார்" என்று அவன் கேட்கவில்லை. எனக்கு வேண்டியதும் இல்லை. என் மரக் கைப்பிடி நன்றாகவே இருக்கிறது.

ஏப்ரல் 6, ஞாயிறு

கிளப் செயலாளர் மணவாளன் ராணுவத்தில் சுபேதாராக இருந்தவர். எதையும் சுற்றி வளைக்க மாட்டார். இன்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்: "மே பதினெட்டு திருப்பூர்ல கிளப்புகளுக்கு இடையில போட்டி. மூத்தோர் பிரிவுக்குக் கிளப்புக்கு ஒரே ஆள். ஆணோ பொண்ணோ, அறுபது தாண்டியிருக்கணும்."

வழக்கமாகப் போவது நான்தான். அறுபது தாண்டியவர் வேறு யாரும் கிளப்பில் இல்லை. போன மாதம் லோகுவுக்கு அறுபது முடிந்தது. கேக் வெட்டியது நான்.

"இந்தத் தடவை ரெண்டு பேர் இருக்கீங்க. இருபத்தேழாம் தேதி சுடுங்க சார். யார் புள்ளி அதிகமோ அவங்க திருப்பூர்."

நல்ல ஏற்பாடு என்று சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள். யாருக்காகத் தட்டினார்கள் என்று தெளிவாகத் தெரியவில்லை.

மதியச் சாப்பாட்டில் லோகு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு வருத்தமுங்களா?"

"எனக்கென்ன வருத்தம்?"

"பின்ன எதுக்கு ரசத்துல மறுக்கா மறுக்கா உப்புப் போடறீங்?"

ஏப்ரல் 9, புதன்

மருதாசலத்தின் கைப்பிடியில் ஒரு குறை இருக்கிறது. நான் முதல் நாளே எதிர்பார்த்ததுதான். வெயில் காலத்தில் கை வியர்க்கிறது. பாலிஷ் போட்ட அலுமினியம் வழுக்குகிறது. இன்று ரேஞ்சில் லோகு சுடும்போது கைப்பிடி உள்ளங்கையில் நழுவி, பெல்லட் குண்டு இலக்கின் கறுப்பு வட்டத்துக்கு வெளியே போனது. பாவம்.

பார்க்க வந்திருந்த மருதாசலத்துக்கு முகம் சுண்டிவிட்டது. "பட்டறைக்குக் கொண்டுபோயி மணல் அடிச்சுச் சொரசொரப்பாக்கிக் கொண்டாரட்டுங்களாக்கா?" என்றான்.

நான் குறுக்கிட்டேன். மணல் அடித்தால் எல்லா இடமும் ஒரே மாதிரி மங்கிப்போகும். நமக்கு வேண்டியது வேறு. மாவாட்டும் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டி ஆட்டி வழவழப்பானால் அரிசி கல்லுக்கு அடியில் மாட்டாமல் நழுவி ஓடும். அப்போது கல் கொத்துகிறவரைக் கூப்பிடுகிறோம். அவர் உளியால் சிறு சிறு குழியாகக் கொத்துகிறார். கல் மறுபடி அரிசியைப் பிடிக்கிறது. இந்தக் கைப்பிடிக்கும் அதுதான் வைத்தியம். சென்டர் பஞ்ச் என்கிற கூர்முனைக் கம்பியும் சுத்தியலும் இருந்தால் போதும்.

"யாரு கொத்துவாங்க சார்?"

"நான் கொத்துகிறேன்."

லோகு என்னைப் பார்த்த பார்வையில் சந்தோஷம் இருந்தது. கிளப்பில் ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னேன், நானே கொத்தித்தரப் போகிறேன் என்று. மணவாளன்கூட என் தோளைத் தட்டினார். "போட்டியாளருக்கு ஆயுதம் தீட்டித் தர்றீங்களே சார், பெரிய மனசு."

ஏப்ரல் 12, சனி

மருதாசலம் கொடுத்த அலுமினியத் துண்டில் பழகிப் பார்த்தேன். செய்முறையை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஸ்கெட்ச் பேனாவால் எல்லை வரைய வேண்டும். உள்ளங்கையும் விரல்களும் அழுத்தும் இடம் மட்டும் எல்லைக்குள். விசை இழுக்கும் விரல் உரசிப் போகும் பக்கம் வழவழப்பாகவே இருக்கட்டும். சைக்கிள் செயினும் பிரேக்கும் போல. பொருளை மணல் நிரப்பிய துணிப்பையின் மேல் வைத்தால் துள்ளாது. பஞ்ச்சை நேராக நிறுத்திச் சின்னச் சுத்தியலால் ஒரே தட்டு. பக்கத்தில் இன்னொன்று. வரிசையாகப் போகக் கூடாது. மழையின் முதல் துளிகள் புழுதியில் விழுவது போல முன்னும் பின்னும் விழ வேண்டும்.

முக்கியமான விஷயம் கடைசியில்தான். ஒவ்வொரு குழியைச் சுற்றியும் உலோகம் பிதுங்கிச் சின்ன விளிம்பு எழும்பி நிற்கும். பிசிறு என்பார்கள். கண்ணுக்குத் தெரியாது, தோலுக்குத் தெரியும். அதை நைஸ் எமரித் தாளால் தேய்த்து எடுத்தால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம். அதுவரை அது கைப்பிடி இல்லை, தேங்காய்த் துருவி. கல் கொத்தினாலும் இதே கதைதான். கொத்திய பிறகு முதலில் ஆட்டுகிற மாவில் கல்துகள் இருக்கும் என்று அதைக் கீழே கொட்டிவிடுவோம். முதல் மாவில் தோசை சுட்டுப் பரிமாறுகிறவர் கோயமுத்தூரில் யாரும் இருக்க முடியாது.

துண்டைத் தேய்த்து முடித்து லோகுவிடம் கொடுத்தேன். கையை நனைத்துக்கொண்டு பிடித்துப் பார்த்தாள்.

"ஏனுங், பூனை நாக்கு மாதிரி இருக்குது! புடிக்குது, ஆனா நோவுல."

நீண்ட நாளுக்குப் பிறகு ஒரு வேலை கைக்குள் அடங்கிய திருப்தி.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை முதல் நாள். வடை, பாயசம். மருதாசலம் மாம்பழத்தோடு வந்தான். சாப்பிட்டு முடித்துவிட்டு, "அக்கா, அந்தத் தண்ணி டம்ளர் வேலையச் செஞ்சு காட்டுங்" என்றான்.

அது லோகு தானாகக் கண்டுபிடித்த பயிற்சி. எவர்சில்வர் டம்ளரில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, அதைப் பிடித்த கையை நேராக நீட்டி நிற்பாள். கை அசைந்தால் தண்ணீர் காட்டிக்கொடுத்துவிடும். இன்றும் நின்றாள். தண்ணீரில் மின்விசிறியின் நிழல் சுற்றிக்கொண்டிருந்தது. அதைத் தவிர எதுவும் அசையவில்லை.

"பொறந்த கொழந்தை கையில நரம்பு தேடியிருக்கறனுங் தம்பி. அழுத்திப் புடிச்சா நரம்பு ஒளிஞ்சுக்கும். வுடாமப் புடிக்கோணும், ஆனா அமுக்கப்படாது."

"சார், நீங்க?" என்றான் மருதாசலம்.

நான் நீட்டினேன். தரையில் கொஞ்சம் சிந்தியது. பாயசம் அதிகம் குடித்திருந்தேன்.

"உங்க சார் டம்ளரப் புடிக்கறதில்ல தம்பி, கழுத்தப் புடிச்சு நெரிக்கறாரு. பிஸ்டலையும் அப்படித்தான்." இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். துடைக்கும் துணியைத் தேடி எடுத்துவந்து தரையைத் துடைத்தேன்.

ஏப்ரல் 16, புதன்

கரண்ட் இல்லை. அதனால் கொத்தும் வேலையைத் தொடங்கவில்லை. கொத்துவதற்குக் கரண்ட் எதற்கு என்று லோகு கேட்டாள்.

ஏப்ரல் 20, ஞாயிறு

ரேஞ்சில் லோகு பழைய மரக் கைப்பிடியை மாட்டிச் சுட்டாள். அதில் கை நன்றாக அமையாது என்கிறாள். இருந்தும் என்னைவிட நான்கு புள்ளி அதிகம். காற்று என்று சொல்ல நினைத்தேன். உள் அரங்கில் காற்று ஏது.

டீ வந்தபோது பையன் முதலில் அவளுக்குக் கொடுத்தான். மணவாளன் அவளை "மேடம்" என்கிறார். என்னை இத்தனை வருடமாக "சார்" என்றுதான் சொல்கிறார். இரண்டும் ஒரே மரியாதைதான். இருந்தாலும் அந்த "மேடம்" கொஞ்சம் புதிதாக ஒலிக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் கைப்பிடியை மணல்பையில் வைத்தேன். பாலிஷில் என் முகம் தெரிந்தது; மூக்கு பெரிதாக, கண் சின்னதாக. அதன் மேலேயே பஞ்ச்சை வைத்துத் தட்டத் தொடங்கினேன். கொத்தக் கொத்த முகம் மறைந்தது.

இன்று தட்டுகள் கொஞ்சம் ஆழமாக விழுகின்றன.

ஏப்ரல் 24, வியாழன்

கொத்தி முடித்தேன். நைஸ் எமரித் தாள் வாங்கிவந்து அலமாரியில் வைத்திருக்கிறேன். இனித் தேய்ப்பது மட்டும்தான். உட்கார்ந்தால் ஒரு மணி நேர வேலை.

ஏப்ரல் 26, சனி

இன்று மூச்சு விட நேரமில்லை. காலையில் நாளிதழை முழுவதும் படித்தேன், வரி விளம்பரம் உட்பட. குளியலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றினேன். முடிவெட்டிக்கொண்டேன். கடையில் கூட்டம் இல்லை; இருந்தும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தேன். மதியம் தூக்கம் வந்துவிட்டது. எழுந்து பழைய பென்சில்களை எல்லாம் சீவி வைத்தேன்.

மாலையில் கைப்பிடியைப் பிஸ்டலில் பொருத்தி லோகுவிடம் கொடுத்தேன். தடவிப் பார்த்தாள். கட்டைவிரல் ஒரு இடத்தில் நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"வேலை முடிஞ்சுதுங்களா?"

"முடிஞ்சது."

"செரி," என்று பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

ஏப்ரல் 27, ஞாயிறு

நான் வென்றேன். ஒரு புள்ளி வித்தியாசம்.

பாதிவரை அவள்தான் முன்னால் இருந்தாள். பிறகு ஒவ்வொரு குண்டுக்கும் நடுவில் பிஸ்டலை மேசையில் வைத்துவிட்டுக் கைக்குட்டையால் கையை ஒற்றிக்கொண்டாள். பக்கத்துத் தடத்தில் இருந்த எனக்கு அது ஓரக்கண்ணில் தெரிந்துகொண்டே இருந்தது. வியர்வை என்று நினைத்தேன்.

முடிந்ததும் மருதாசலம் ஓடிவந்தான். "என்னாச்சுங்க்கா? மறுபடி வழுக்குதுங்களா?"

"வழுக்கவே இல்ல தம்பி. கல்லாட்டம் நிக்குது. உங்க சார் கை வேலையாச்சே." கைக்குட்டையை உள்ளங்கைக்குள் சுருட்டி வைத்திருந்தாள். மணவாளன் கை குலுக்க வந்தபோது கும்பிட்டாள்.

எல்லோரும் என்னை வாழ்த்தினார்கள். வரும் வழியில் மைசூர்பாகு வாங்கினேன். லோகு ஒரு துண்டை இடது கையால் எடுத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 28, திங்கள்

காலையில் குளிக்கப் போனபோது வாளியில் கைக்குட்டை ஊறிக்கொண்டிருந்தது. தண்ணீர் ரோஜா நிறம்.

சமையலறையில் இடது கையால் தோசையைத் திருப்பிக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றும் கிழிந்தது.

"கையைக் காட்டு லோகு."

"தோசை கருகீரும்."

அடுப்பை அணைத்துவிட்டுக் கையை வாங்கிப் பார்த்தேன். கட்டைவிரலின் அடியிலும் உள்ளங்கை மேட்டிலும் தோல் உரிந்து சிவந்திருந்தது. கைப்பிடியின் குழிகள் எல்லாம் அப்படியே பதிந்திருந்தன. மழைத்துளி போல என்று எழுதியிருந்தேன்.

"சொல்லியிருக்கலாமே."

"சனிக்கெழமை தொட்டப்பவே தெரிஞ்சுதுங். முப்பது வருசம் ஊசி புடிச்ச கை. எது குத்தும், எது குத்தாதுன்னு எனக்குத் தெரியாதாக்கும்?"

"அப்படியென்றால் கழற்றிவிட்டு மரக் கைப்பிடியில் சுட்டிருக்கலாம் இல்லையா?"

"கழட்டியிருக்கலாம். ஏன் கழட்டுனீங்கன்னு மருதாசலம் கேப்பான். வாங்கித் தடவிப் பாப்பான். பட்டறைக்காரனுங்க அவன், பிசிறு தெரியாதா? நானே கொத்தறேன், நானே கொத்தறேன்னு கிளப்புப் பூராச் சொல்லி வெச்சிருக்கீங். நாளைக்கு அவிய மூஞ்சியில எப்படி முழிப்பீங்?"

அவள் மறுபடி அடுப்பைப் பற்ற வைத்தாள். மாவு ஊற்றப்போனவள் திரும்பினாள்.

"கல்லுக் கொத்துனா மொத மாவக் கீழ கொட்டோணும். உங்களுக்குத் தெரியாததில்லீங். வூருக்கே பாடம் சொன்னவரு. எனக்கு அந்த மாவுலயே சுட்டுப் போட்டுட்டீங்களே."

தோசை நன்றாக இருந்தது. என்னால் சாப்பிட முடியவில்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

எமரித் தாள் அலமாரியில் வைத்த இடத்தில் இருக்கிறது.

ஏப்ரல் 30, புதன்

தேய்த்தேன். உலர் தாளால் ஒரு தடவை, சோப்புத் தண்ணீரில் நனைத்து ஒரு தடவை. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் குழிகளுக்குள் இருந்த துகளை எடுத்தேன். உள்ளங்கை வயதானவனுக்குத் தடித்துப் போயிருக்கும், அதை நம்பக் கூடாது. கன்னத்தில் வைத்து உரசிப் பார்த்தேன். இரண்டு இடத்தில் கீறியது. மறுபடி தேய்த்தேன். மாலைக்குள் எங்கேயும் கீறவில்லை.

பிறகு மணவாளனுக்குப் போன் செய்தேன்.

"மறுபடியும் சுட வேண்டும். கைப்பிடி வேலையை முடிக்காமல் கொடுத்துவிட்டேன்."

"முடிஞ்சதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

"சொன்னேன்."

"ஜெயிச்ச ஆளே மறுபடி சுடணும்னு கேட்டு என் சர்வீஸ்ல பார்த்ததில்ல. சரி. மேடம் கை ஆறட்டும். பதினொண்ணாம் தேதி வெச்சுக்கலாம்."

மேடத்தின் கையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவே இல்லை. அன்று லோகு கும்பிட்ட கையை அவர் பார்த்திருக்கிறார்.

லோகுவிடம் சொன்னபோது கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எனக்கு எடத்த வுட்டுக் குடுக்கறீங்களாக்கும்?"

"இல்லை."

"வேணும்னே தப்பா சுட்டீங்கன்னு தெரிஞ்சுதுன்னு வைங், அப்புறம் உங்க கூடப் பேச்சே இல்ல. பிசிறக்கூடப் பொறுத்துக்குவேன், அதப் பொறுக்க மாட்டேன்."

"விட்டுக்கொடுக்கும் எண்ணமே இல்லை லோகு," என்றேன். சத்தியமான வார்த்தை.

மே 11, ஞாயிறு

உயிரைக் கொடுத்துச் சுட்டேன். லோகநாயகி வென்றாள். ஒரு புள்ளியில் அல்ல, நன்றாகவே வென்றாள். மதியம் ரசம் நான் வைத்தேன். உப்பு சரியாக இருந்ததாம்.

மே 18, ஞாயிறு

திருப்பூர். பிஸ்டல் பெட்டியை நான் தூக்கிக்கொண்டு போனேன். வாசலில் ஒருவர், "நீங்க சுடலீங்களா?" என்றார். "கூட வந்திருக்கிறேன்" என்றேன். சோதனை மேசையில் இருந்த இளைஞர் கைப்பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யார் வேலைங்க இது? அருமையா இருக்கே" என்றார். லோகு முந்திக்கொண்டாள்: "இவரு வேலைதானுங். ரெண்டு தடவை செஞ்சாரு."

மூன்றாவதாக வந்தாள். வெண்கலம். இத்தனை வருடத்தில் என் சிறந்த இடம் ஆறாவது. எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். நானும் எழுந்து நின்றேன். என் கை மற்றவர்களுக்கு முன்பே தட்டத் தொடங்கிவிட்டது. சந்தோஷம்தான். நெஞ்சுப் பக்கம் கொஞ்சம் எரிச்சல் இருந்தது. பஸ் ஸ்டாண்டில் மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டிருக்கக் கூடாது.

வீடு திரும்பியதும் பதக்கத்தைச் சாமி படத்தில் மாட்டிவிட்டுச் சமையலறைக்குள் போனாள். எவர்சில்வர் டம்ளரில் விளிம்புவரை தண்ணீரோடு வந்தாள்.

"புடிங்."

"இப்போதா? களைப்பாக இருக்கிறது."

"அடுத்த வருசம் மறுக்கா நம்ம ரெண்டு பேருந்தான சுடோணும்? ஆளே இல்லாம நான் மட்டும் ஜெயிச்சு என்ன பண்றதுங்? புடிங்."

பிடித்தேன். வழக்கம் போலத் தண்ணீர் நடுங்கி விரல் மேல் வழிந்தது. அவள் வந்து என் விரல்களை ஒவ்வொன்றாகத் தளர்த்திவிட்டாள். ஆறிய தோல் அவள் உள்ளங்கையில் இன்னும் கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தது. டம்ளர் விழுந்துவிடும் என்று நினைத்தேன். விழவில்லை. தண்ணீர் மெல்ல மெல்ல நின்றது. அதில் மின்விசிறி தெரிந்தது.

இத்தனை வருடம் உராய்வைப் பற்றிப் பாடம் நடத்தியிருக்கிறேன். இந்தச் சோதனையை ஒரு வகுப்பிலும் செய்து காட்டியதில்லை. இதைப் படிக்கிறவர் யாராக இருந்தாலும், ஒரு டம்ளரில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, கையை நேராக நீட்டி முதலில் இறுக்கிப் பிடியுங்கள். பிறகு விழாத அளவுக்கு மட்டும் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பாருங்கள்.